யோசித்து யோசித்துக் கிளம்பிய டீசல் வண்டி

"ஏங்க, இந்த வண்டி மிதிச்சா உடனே போக மாட்டேங்குது, யோசிச்சு யோசிச்சுப் போகுது" என்று முதலில் சொன்னது என் மனைவிதான். அவர் மாதத்தில் இரண்டு மூன்று தடவைதான் அந்தக் காரை எடுப்பார். தினமும் ஓட்டுகிற எனக்கு அது உறைக்கவே இல்லை. ஒரே நாளில் வந்த கோளாறாக இருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வந்ததால் என் கால் அதற்குப் பழகிப்போய், கொஞ்சம் முன்கூட்டியே மிதிப்பதும் ஒரு கியர் கீழே இறக்குவதுமாகச் சமாளித்துக்கொண்டிருந்தது. வண்டியின் பிக்கப்பில் சந்தேகம் வந்தால், அதை எப்போதாவது ஓட்டுகிற ஒருவரிடம் கொடுத்து ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். அந்த அபிப்பிராயத்துக்கு மதிப்பு அதிகம்.

வண்டி 1.5 லிட்டர் காமன் ரெயில் டீசல், ஐந்து கியர் மேனுவல். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற டர்போ, மாறும் இதழ் வகை. அந்த இதழ்களை வேக்கத்தால், அதாவது காற்றை உறிஞ்சும் விசையால், வேலை செய்கிற ஆக்சுவேட்டர் இயக்கும். அன்று மாலையே தனியாக எடுத்துப்போய்க் கவனித்தேன். மூன்றாவது கியர், 1500 ஆர்பிஎம், ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால் மூன்று நான்கு நொடிக்கு யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டிப் பிடித்திருப்பது போல இருக்கிறது. 2200 தாண்டியதும் கயிறு அறுந்தது போல ஓட்டம். அதற்கு மேல் 4000 வரை எந்தக் குறையும் இல்லை. இன்ஜின் விளக்கு எரியவில்லை. புகை இல்லை. மைலேஜ் கொஞ்சம் குறைந்திருந்தது.

வழக்கமாக விடுகிற ஒர்க்ஷாப்பில் "பிக்கப் இல்லை" என்று மட்டும் சொல்லி விட்டேன். என் முதல் தவறு அதுதான். "பிக்கப் இல்லை" என்பது "உடம்பு சரியில்லை" என்பது மாதிரி. அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஏர் ஃபில்டர் மாற்றினார்கள். டீசல் ஃபில்டர் மாற்றினார்கள். இரண்டாவது முறை போனபோது, கழிவு வாயுவில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுகிற இஜிஆர் வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார்கள். உள்ளே தார் போலக் கரி இருந்தது உண்மை, கழுவிய பிறகு ஐடிலிங் மென்மையானதும் உண்மை. ஆனால் அந்த நான்கு நொடி அப்படியே இருந்தது. மூன்றாவது முறை, "சார், டர்போ போயிடுச்சு சார். மாத்தினா சரியாயிடும்" என்றார்கள்.

"எப்படித் தெரியும்ணே?" என்று கேட்டேன்.

"மத்தது எல்லாம் பாத்தாச்சே சார்."

அந்தப் பதிலைக் கேட்டதும் வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். டர்போவில் கோளாறு இருப்பதற்கு அவர்கள் ஒரு அடையாளமும் காட்டவில்லை. தண்டில் ஆட்டம் இருக்கிறதா, இதழ்கள் அசைகின்றனவா, விசில் சத்தம் மாறியிருக்கிறதா, எதையும் பார்க்கவில்லை. மிச்சம் இருந்தது டர்போ, அதனால் டர்போ. ஒரு வண்டியின் விலை உயர்ந்த பாகங்களில் ஒன்றை அப்படிக் கழித்துக் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் உட்கார்ந்து முதலில் செய்தது, வண்டி எங்கே மந்தமாக இருக்கிறது, எங்கே நன்றாக இருக்கிறது என்று தாளில் எழுதியதுதான். எழுதும்போதே பாதி விஷயம் தெளிந்தது. இழுவை குறைவதும் இழுவை தாமதமாவதும் வேறு வேறு நோய். டீசல் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் வண்டி கிளம்பும்போது நன்றாகவே கிளம்பும். மேட்டில் ஏறும்போதும் அதிக ஆர்பிஎம்மிலும்தான் மூச்சு வாங்கும், ஏனென்றால் அப்போதுதான் டீசல் அதிகம் தேவைப்படுகிறது. சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் வடிகட்டி அடைத்தாலும் அப்படித்தான், மேல் வேகத்தில்தான் வெளியேறும் வாயு திணறும். இன்ஜினைக் காப்பாற்றக் கம்ப்யூட்டரே சக்தியைக் குறைக்கிற லிம்ப் மோடில் போனால் எல்லா இடத்திலும் மந்தம், பல வண்டிகளில் 3000 ஆர்பிஎம்மை ஒட்டி ஏறவே ஏறாது. கீழே மந்தம், மேலே சுகம் என்றால் அது பெரும்பாலும் காற்றுச் சமாச்சாரம்: டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தம், அதாவது பூஸ்ட், நேரத்துக்கு வரவில்லை, அல்லது வந்த பூஸ்ட் எங்கோ கசிகிறது, அல்லது இஜிஆர் மூடாமல் கழிவு வாயுவை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறது. என் தாளில் இருந்தது கீழே மந்தம், மேலே சுகம். புது டீசல் ஃபில்டரால் ஏன் பயன் இல்லை என்பதற்குப் பதில் அந்தத் தாளிலேயே இருந்தது.

டீசல் இன்ஜினில் சக்தியைக் கூட்டிக் குறைப்பது டீசல்தான். ஆனால் எவ்வளவு டீசல் ஊற்றலாம் என்பதை உள்ளே வந்திருக்கும் காற்று தீர்மானிக்கிறது. மிதியை அழுத்துவது ஒரு விண்ணப்பம்தான். கம்ப்யூட்டர் அதைப் படித்து, காற்று போதாது என்று தெரிந்தால் டீசலைக் குறைத்துக் கொடுக்கும். இல்லாவிட்டால் கரும்புகை கக்கும். அதனால் பூஸ்ட் தாமதமானால் டீசலும் தாமதமாகும், வண்டியும் தாமதமாகும். புகை வராததால் கோளாறு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தியதால்தான் புகை வரவில்லை.

எலக்ட்ரானிக்ஸ் பக்கம் போவதற்கு முன் காசு செலவில்லாத சிலவற்றைப் பார்த்துவிட்டேன். தரை மேட் மிதிக்கு அடியில் சுருண்டு முட்டுகிறதா? இல்லை. நான்காவது கியரில் மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் குதித்து வேகம் பின்தங்குகிறதா? அப்படியானால் கிளட்ச் நழுவுகிறது என்று அர்த்தம். எனக்கு ஆர்பிஎம்மே மெல்லத்தான் ஏறியது, அதனால் கிளட்ச் இல்லை. பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தேன், தொடவில்லை. ஒரு சக்கரம் மட்டும் தனியாகக் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான்கும் ஒரே சூடு.

பிறகுதான் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி அடாப்டர் ஒன்றை வாங்கி போனோடு இணைத்தேன். கோளாறைக் குறிக்கிற கோடு (code) எதுவும் பதிவாகவில்லை. இங்கேதான் பலர் அடாப்டரைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். கோடு இல்லை என்றால் கோளாறு இல்லை என்று பொருளல்ல. பூஸ்ட் குறைவுக்கான பி0299 போன்ற கோடு விழ வேண்டுமானால், கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளி ஒரு அளவைத் தாண்டி, அது சில நொடிகள் நீடிக்கவும் வேண்டும். என் வண்டி தாமதமாகவேனும் கேட்டதை எட்டிப் பிடித்துவிட்டதால் கம்ப்யூட்டர் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதனால் நேரலை எண்களைப் பதிவு செய்தேன். ஆப் காட்டுகிற எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. எண்கள் கூடக் கூட ஒவ்வொன்றும் புதுப்பிக்க அதிக நேரம் எடுக்கும், ஒரு நொடி தாமதத்தைத் தேடுகிறவருக்கு அது உதவாது. முதல் ஓட்டத்துக்கு நான் எடுத்தவை ஐந்து: ஆர்பிஎம், மிதியின் சதவீதம், கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், டர்போ சொலினாய்டின் டியூட்டி (ஆக்சுவேட்டருக்கு வேக்கத்தை விடுகிற மின்வால்வுக்குக் கம்ப்யூட்டர் தருகிற கட்டளையின் அளவு). இரண்டாவது ஓட்டத்தில் பூஸ்டை விட்டுவிட்டு, கேட்ட ரெயில் பிரஷரும் கிடைத்த ரெயில் பிரஷரும், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் போகிற டீசலின் அழுத்தம். கேட்ட அளவுகளைப் பொது ஓபிடி பட்டியல் பல வண்டிகளில் காட்டாது. உங்கள் வண்டிக் கம்பெனியின் சொந்தத் தரவைப் படிக்கிற ஆப் வேண்டும். அந்த ஜோடி இல்லாமல் தேடுவது இருட்டில் தேடுவது மாதிரிதான். கிடைத்த பூஸ்ட் 150 கிலோபாஸ்கல் என்று தனியாகக் காட்டினால் அது நல்லதா கெட்டதா என்று எப்படிச் சொல்வீர்கள்? 150 கேட்டிருந்தால் நல்லது, 200 கேட்டிருந்தால் கெட்டது.

வாகனம் இல்லாத நேரான சாலை, மூன்றாவது கியர், 1500 ஆர்பிஎம், முழு மிதி, வேக வரம்பைத் தொடுவதற்குள் காலை எடுத்துவிடுவது. மனைவி ஓட்டினார், நான் போனைப் பார்த்தேன். ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரே இடத்தில் மூன்று முறை ஓட்டி மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தோம்.

முதலில், இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்தபோது, பூஸ்டை வெளிக் காற்றழுத்தத்தையும் சேர்த்து அளக்கிற மேப் சென்சார் 99 கிலோபாஸ்கல் காட்டியது. வெளிக் காற்றழுத்தமும் அதே அளவு, எனவே சென்சார் பொய் சொல்லவில்லை. இதைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும், ஆனால் அதில்லாமல் மற்ற எண்களை நம்ப முடியாது. மேடான ஊரில் இருப்பவர்களுக்கு இந்த எண் குறைவாகத்தான் இருக்கும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 90.

ஓட்டத்தில் வந்தது இதுதான். மிதியின் சதவீதம் கால் வைத்த கணமே, எங்கும் தடுக்காமல் மேலே போனது. சில வண்டிகளில் முழுக்க மிதித்தாலும் இந்த எண் 80 சொச்சத்தில் நின்றுவிடும், அது பரவாயில்லை. ஏற்றம் சீராக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ரெயில் பிரஷர் ஐடிலில் 280 பார், மிதித்ததும் கேட்டது 1100, அரை நொடிக்குள் 1080 வந்துவிட்டது. டீசல் பக்கம் குற்றமில்லை. கேட்ட பூஸ்ட் ஒரு நொடிக்குள் 200 கிலோபாஸ்கலுக்கு ஏறி நின்றது. கிடைத்தது, முதல் நொடி முடிவில் 118, இரண்டாவதில் 135, மூன்றாவதில் 160, நான்காவது முடிவில் 198. நான் காலில் உணர்ந்த அதே நான்கு நொடி திரையில் ஒரு கோடாகக் கிடந்தது. அந்த நேரம் முழுக்க சொலினாய்டு டியூட்டி உச்சத்தில் இருந்தது. "இன்னும் கொடு, இன்னும் கொடு" என்று கம்ப்யூட்டர் கத்திக்கொண்டிருந்தது, யாரும் கேட்கவில்லை.

கேட்ட பூஸ்டே குறைவாக இருந்திருந்தால் தேடும் திசையே மாறியிருக்கும். கம்ப்யூட்டரே கேட்க மறுக்கிறது என்றால் மிதி சென்சார், உள்ளே வரும் காற்றின் அளவைச் சொல்கிற எம்ஏஎஃப் சென்சார், வெப்ப சென்சார்கள், பிரேக் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிரேக் சுவிட்ச் கோளாறாகி, பிரேக் மிதித்தே இருக்கிறது என்று தகவல் போனால், மிதியைக் கம்ப்யூட்டர் மதிக்காமல் போகலாம். பின்னால் பிரேக் விளக்கு அணையாமல் எரிகிறதா என்று ஒருவரை விட்டுப் பார்க்கச் சொன்னால் போதும்.

எம்ஏஎஃப் பற்றி ஒரு கணக்கு. 1.5 லிட்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 1.5 லிட்டர் இழுக்கும். 800 ஆர்பிஎம் ஐடிலில் நிமிஷத்துக்கு 600 லிட்டர், அதாவது நொடிக்கு 10 லிட்டர், ஏறக்குறைய 12 கிராம் காற்று. முழுக்க நிரம்பாது என்பதால் இஜிஆர் மூடியிருக்கும்போது 10 கிராமை ஒட்டி வரலாம். இஜிஆர் திறந்தால் அது நன்றாகவே இறங்கும். இஜிஆர் மூட வேண்டிய நேரத்திலும் 5, 6 கிராமிலேயே நின்றால், இஜிஆர் சிக்கியிருக்கிறது அல்லது சென்சார் குறைத்துச் சொல்கிறது. எனக்கு 10 வந்தது. உங்கள் இன்ஜின் கொள்ளளவை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆக, பூஸ்ட் உருவாகவில்லை, அல்லது உருவாகிக் கசிகிறது. டர்போவின் காற்றைக் குளிர்வித்து அனுப்புகிற இன்டர்கூலரின் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தேன். கசிவு இருந்தால் அந்த இடத்தில் எண்ணெய்ப் பூச்சாகத் தூசி ஒட்டியிருக்கும், மிதிக்கும்போது உஸ்ஸென்று சத்தம் வரும், பல வண்டிகளில் கரும்புகையும் வரும், ஏனென்றால் எம்ஏஎஃப் கணக்கெடுத்த காற்று இன்ஜினுக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே தப்பிவிடுகிறது. ஒரு கிளிப்புக்குக் கீழே லேசான ஈரம் இருந்தது, கிளிப்பை மாற்றினேன், தாமதம் அதே நான்கு நொடியாகவே இருந்தது. மேலும் ஹோஸ் கசிந்தால் பூஸ்ட் ஏற ஏறக் கசிவும் கூடும். என் வண்டியிலோ மேலே போகப் போகச் சரியாகிறது. அடையாளமே பொருந்தவில்லை.

மிச்சம், டர்போவை இயக்குகிற வேக்கம். மாறும் இதழ் டர்போவில் டர்பைனைச் சுற்றிச் சின்ன இதழ்கள் வட்டமாக நிற்கும். இன்ஜின் மெல்லச் சுற்றும்போது அவை நெருங்கி வழியைக் குறுக்க வேண்டும். தோட்டத்து ஹோஸின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பீறிடுகிறதே, அதே வேலை. குறைந்த வாயுவிலும் டர்பைன் விரைவாகச் சுழலும். என் வண்டியில் இருக்கும் வகையில் இதழ்களை நெருக்குவது வேக்கம். வேக்கம் இல்லாவிட்டால் ஸ்பிரிங் அவற்றை விரித்தே வைத்திருக்கும். விரிந்த இதழோடு 1500 ஆர்பிஎம்மில் டர்போ தூங்கும். 2200 தாண்டினால் கழிவு வாயுவே போதுமான அளவு வருவதால் இதழ் எப்படி இருந்தாலும் டர்போ சுற்றிவிடும். கீழே மந்தம், மேலே சுகம். தாளில் எழுதியது அப்படியே வந்து பொருந்தியது. மோட்டார் வைத்த எலக்ட்ரானிக் ஆக்சுவேட்டர் வண்டிகளில் இந்தக் குழாய்ச் சோதனை செல்லாது.

கை வேக்கம் பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி இழுத்தேன். இதழ்களை அசைக்கிற அதன் தண்டு தடங்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது, பம்பின் மீட்டர் ஊசி ஒரு நிமிஷம் அசையாமல் நின்றது. அப்படியானால் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் சவ்வு (டயாப்ரம்) கிழியவில்லை, இதழ்கள் கரியில் சிக்கவில்லை. "டர்போ போயிடுச்சு" என்ற தீர்ப்பு ஐந்து நிமிஷத்தில் விழுந்தது. இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் தண்டு தானாகவே உள்ளே போனது, அதுவும் சரி. நிறுத்தி வைத்த வண்டியில் எல்லாமே சரியாக இருந்தது.

கோளாறு பளுவில் மட்டும் வருகிறது என்றால் சோதனையையும் பளுவில்தான் செய்ய வேண்டும். ஆக்சுவேட்டர் குழாயில் ஒரு டீ இணைப்புப் போட்டு, நீளமான வேக்கம் ஹோஸை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து மீட்டரை மடியில் வைத்துக்கொண்டேன். சூடான பாகங்களிலும் பெல்ட்டிலும் படாமல் ஹோஸைக் கட்ட அரை மணி நேரம் ஆனது. மனைவி அதே சாலையில் மிதித்தார். ஊசி பாதிக்கு விழுந்தது. பூஸ்ட் போதும் என்று கம்ப்யூட்டரே வேக்கத்தைக் குறைப்பது உண்டு, ஆனால் அது பூஸ்ட் ஏறிய பிறகு. இங்கே பூஸ்ட் ஏறுவதற்கு முன்பே, மிதித்த கணமே விழுந்தது. அடுத்து டீயைச் சொலினாய்டுக்கு முன்பக்கம், வேக்கம் பம்பிலிருந்து வருகிற குழாயில் மாற்றினேன். அங்கேயும் விழுந்தது. சொலினாய்டு குற்றவாளி இல்லை. அதற்கே சரக்கு வரவில்லை.

பம்பிலிருந்து சொலினாய்டுக்குப் போகிற அந்தக் கறுப்புக் குழாய் சுண்டுவிரல் பருமன் கூட இல்லை. இன்ஜினுக்குப் பின்னால், வெப்பத் தகட்டின் ஓரமாக ஒரு இரும்புப் பிராக்கெட்டின் மேல் வளைந்து போகிறது. மேலிருந்து பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. விரலை அடியில் கொடுத்துத் தடவியபோது ரப்பர் மரக்கட்டையாகக் காய்ந்திருந்தது. கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் வளைத்தேன், வளைவின் அடிப்பக்கம் ஒரு வெடிப்பு உதடு போல வாய் திறந்தது. கையை விட்டால் மூடிக்கொண்டது, இருந்த இடமே தெரியவில்லை. ஐடிலில் அது மூடியிருக்கிறது. மிதித்ததும் இன்ஜின் தன் மவுண்டில் ஒருபக்கமாகச் சாய்கிறது, குழாய் இழுபடுகிறது, வாய் திறக்கிறது. ஒர்க்ஷாப்பில் நிறுத்தி வைத்து எத்தனை முறை பார்த்திருந்தாலும் அது அகப்பட்டிருக்காது.

வெடித்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டவில்லை, முழுக் குழாயையும் மாற்றினேன். ஒரு இடத்தில் காய்ந்த ரப்பர் மற்ற இடத்திலும் காய்ந்துதான் இருக்கும். வேக்கத்துக்கென்று உள்ள தடித்த சுவர்க் குழாய்தான் போட வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் டியூப் சூட்டில் இளகி உறிஞ்சலில் சப்பிப்போகும். பிராக்கெட்டில் உரசாதபடி கிளிப் போட்டு, இன்ஜின் சாய்வதற்கு இடம் கொடுத்துக் கொஞ்சம் தளர்வாக விட்டேன். மறுபடி அதே சாலை, அதே கியர், அதே 1500. கேட்ட 200-ஐ எட்ட 1.3 நொடி.

இதைச் செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காற்றுக் குழாய், வேக்கம் குழாய் வரைக்கும் வீட்டில் கை வைக்கலாம். ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கிற பழைய மெக்கானிக்கல் பம்பு வித்தையைக் காமன் ரெயிலில் செய்யவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் இருக்கும் டீசல் ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிற காயம். ரெயில் பிரஷரில்தான் குறை என்று பதிவு காட்டினால், அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு தெரிந்தவரிடம் போங்கள்.

மிதியின் வயரில் மாட்டுகிற பிக்கப் பெட்டிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது 30 சதவீதம் மிதித்தால் 60 என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அவ்வளவுதான். என் வண்டியில் கம்ப்யூட்டர் ஏற்கெனவே முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் உரக்கக் கேட்பதால் வெடித்த குழாய் ஒட்டிக்கொள்ளாது.

அதே ஒர்க்ஷாப்புக்குத்தான் இப்போதும் ஆயில் மாற்றப் போகிறேன். பழைய குழாயை எடுத்துப்போய் வளைத்துக் காட்டினேன். டர்போ மாற்றச் சொன்ன அண்ணன் வாங்கி இரண்டு மூன்று முறை வளைத்து வளைத்துப் பார்த்துவிட்டு, "இத நான் வச்சுக்கட்டுமா சார், பசங்களுக்குக் காட்டணும்" என்றார். கொடுத்துவிட்டு வந்தேன். அந்த 1.3 நொடிப் பதிவு போனில் தனி ஃபோல்டரில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே சாலையில் ஓட்டிப் புதுப் பதிவை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். போன வாரம் எடுத்ததில் 1.4.